எழுத்துத் தெரியாதவர்களின் வெள்ளெழுத்து

புளியமரத்து நிழலில் ஒரு தட்டைப் பாறை. குப்பு அக்கா அதன்மேல் உட்கார்ந்து வலது காலைக் கணவர் மடியில் நீட்டியிருந்தார். கணவர் வெள்ளையன் அண்ணன் கையில் முள்வாங்கி.

"யோவ், முள்ளு அங்க இல்ல. இங்க கீது."

"இங்கதான குத்தறேன்."

"நீ குத்தறது நல்ல தோலு!"

வெள்ளையன் அண்ணன் அந்தப் பாதத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்தார். தன் தலையையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கண்ணைச் சுருக்கி, குறி பார்த்து, மறுபடியும் குத்தினார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு மரத்து உச்சியைப் பார்த்தார். மேலே யாரோ கிளையை உலுக்க, புளியம்பழங்கள் சடசடவென்று விழுந்தன.

மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டில் ஒரு மாசி மாதத்துக் காலை அது. கூப்பிடு தூரத்தில் ஒரு மடக்கு மேஜையைப் போட்டு நான் உட்கார்ந்திருந்தேன். மேஜைமேல் வரிசையாக மூக்குக் கண்ணாடிகள். அன்று அந்த மேஜையை எட்டிப் பார்த்திருந்தது ஓர் ஆட்டுக்குட்டி மட்டும்தான். அதுவும் மேஜை விரிப்பின் ஓரத்தைத் தின்று பார்த்து, பிடிக்காமல் போய்விட்டது.

நான் அண்ணனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தள்ளிப் பிடிப்பதும், தலையை இழுப்பதும், கண்ணைச் சுருக்குவதும் எனக்கு வீட்டிலேயே பார்த்துப் பழகிய சங்கதிகள்.

அம்மாவின் பூக்கூடை

வேலூரில் கண்ணாடிக் கடை வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறியதோடு இந்தத் தொடரைப் போன வாரம் நிறுத்தியிருந்தேன். நல்ல வேலையை ஏன் விட்டாய் என்று அப்போது கேட்காதவர்கள் குறைவு. அதற்குப் பதில் சொல்ல அம்மாவிடமிருந்து தொடங்க வேண்டும்.

அம்மா படவேட்டில் கோயில் வாசலில் பூக் கட்டி விற்றவள். வாழைநாரின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, பேசிக்கொண்டே, சண்டை போட்டுக்கொண்டே, கட்டிக்கொண்டே போவாள். ஈர நாரும் மல்லிகையும் கலந்த அந்த வாசனை எங்கள் பாயில்கூட இருக்கும்.

நாற்பதைத் தாண்டியதும் அம்மாவின் சரத்தில் பூ உதிர ஆரம்பித்தது. முடிச்சு விழாத இடம் அவளுக்குத் தெரியவில்லை. "இன்னாக்கா, தலையில வெக்கறதுக்குள்ள பாதி கொட்டிப் போச்சு" என்று வாடிக்கைக்காரர்கள் சலித்துக்கொண்டார்கள். ஒருநாள் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "கண்ணு போச்சுடி" என்றாள். அதோடு கரும்பு வெட்டக் கூலிக்குப் போனாள். எங்கள் வீட்டில் யாரும் அதற்குமேல் யோசிக்கவில்லை. வயதானால் கண் மங்கும், அவ்வளவுதான் என்றிருந்தோம்.

பல வருடம் கழித்து, வேலூரில் கண்ணாடிப் படிப்பு முடித்துக் கடையில் சேர்ந்த பிறகு, லீவுக்கு வந்தபோது ஒரு கண்ணாடியை அம்மா மூக்கில் மாட்டினேன். சாதாரண வெள்ளெழுத்துக் கண்ணாடி. கடையில் கூடை கூடையாகக் கிடப்பது. அம்மா தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நார் கீதா வூட்ல?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் விடிவதற்குள் பூ வாங்கப் போய்விட்டாள். கரும்பு வெட்டிய வருடங்களைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, இன்றைக்கும் பேசியதில்லை. நான்தான் நினைத்து நினைத்து மருகினேன். வேலூர்க் கடையின் கண்ணாடி அலமாரிகளுக்கு நடுவே நிற்கும்போதெல்லாம், கண் போய்விட்டது என்று கூடையைக் கவிழ்த்தவர்கள் இன்னும் எத்தனை பேரோ என்று தோன்றும்.

பாதி இப்போது, மீதி அப்புறம்

மல்லிகா அந்தச் சமயத்தில்தான் கிடைத்தாள். நெல்லிவாசல்நாட்டுக்காரி. குக்கிராமம் குக்கிராமமாக நடந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்து எழுதும் வேலையில் இருந்தாள். தன் அப்பாவுக்குக் கண்ணாடி வாங்க வேலூர் வந்தவள், விலையைக் கேட்டுவிட்டு, "இதுக்கு ஆன பஸ் செலவே இத்தினியாச்சே. மலைமேல ஒரு கடை வெச்சா இன்னாக்கா?" என்றாள். விளையாட்டாகக் கேட்டதுதான். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

கொஞ்ச நாளில் அவளே போன் செய்தாள். "அக்கா, எங்க ஒன்றியத்துல ஒரு நிதி ஒதுக்கிக்கீறாங்களாம். ஊருக்கு நல்லது செய்யணும், கடையும் சொந்தக் கால்ல நிக்கணும். அந்த மாதிரி தொழில் பண்றவங்களுக்காம். வர்றியா, கேட்டுப் பாக்கலாம்?"

கேட்டோம். நேர்காணலில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஒன்றியத் தலைவர். மலைக்காரப் பெண்மணி, ஐம்பதுக்குள் இருக்கும், இடுப்பில் சாவிக்கொத்து. மற்றவர் அந்த நிதியைக் கவனிக்கும் அதிகாரி. மெதுவாகப் பேசுகிற மனிதர்.

"இது தொழிலாம்மா, தருமமாம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"தொழில்தான் சார். சும்மா குடுத்தா ஒடைஞ்சா மறுபடி வாங்க வரமாட்டாங்க. வாங்கக்கூடிய விலைல வித்தா வருவாங்க."

"ஊருக்கு இன்னா லாபம்?" என்று தலைவர் கேட்டார்.

நான் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "கண்ணு தெரியும்மா" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

பாதி நிதி உடனே கிடைத்தது. அதில் பவர் சோதிக்கும் லென்ஸ் பெட்டி வாங்கினோம், கண்ணாடிகள் வாங்கினோம், மேஜை வாங்கினோம். பங்குனியில் வந்து பார்ப்பார்கள். வாங்குகிறவர்கள் வந்து, கடை நிற்கும் என்று தெரிந்தால் மீதி. இல்லாவிட்டால் அதோடு சரி.

மீதிப் பாதி இல்லாமல் கடை நடக்காது. ஜீப்புக்கும் புதுச் சரக்குக்கும் அதைத்தான் நம்பியிருந்தோம். நான் வேலூர் வேலையை அதற்கு முன்பே விட்டாயிற்று.

எனக்குக் கறுப்பெழுத்தே தெரியாதும்மா

கார்த்திகை போனது, தை போனது. கடை நிற்கவில்லை, நாங்கள்தான் நின்றோம். சந்தை கூடும் இடத்தில், பள்ளிக்கூடத்து வாசலில், பஸ் திரும்பும் இடத்தில் மேஜை போட்டோம். 'வெள்ளெழுத்தா? கவலை வேண்டாம்!' என்று பெரிதாக அச்சடித்த துணிப் பதாகையையும் கட்டினோம்.

ஒரு பெரியவர் பதாகையைக் காட்டி, இன்னா போட்டிருக்குது என்று கேட்டார். படித்துக் காட்டினேன். "எனக்குக் கறுப்பெழுத்தே தெரியாதும்மா. வெள்ளெழுத்து வந்தா இன்னா, வராட்டி இன்னா?" என்று சொல்லிவிட்டுப் போனார். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்குப் போய் யோசித்தால் அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. அந்த வார்த்தையே படிக்கத் தெரிந்தவர்களுக்காக உண்டானதுதானே?

அங்கே கண்ணாடி என்றால் வாத்தியாருக்கு, ஆபீசருக்கு. ஒரு பெண் ஆசையாக எடுத்து மாட்டினாள். கூட வந்தவள் "டோய், டீச்சரம்மா வந்துட்டாங்க, எழுந்து நில்லுங்க" என்று கூவினாள். கழற்றி வைத்தவள் அந்தப் பக்கமே அப்புறம் வரவில்லை.

புரை விழுந்த கண்களும் சில வந்தன. அதை நாங்கள் தொடுவதில்லை. ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி, எந்தப் பஸ், எந்த நாள் என்று மல்லிகா சொல்லி அனுப்புவாள். அதில் மனசுக்கு நிம்மதி உண்டு. கடைக்கு வரவு கிடையாது.

சாயங்காலம் ஷேர் ஜீப்பில் லென்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இறங்குவேன். வளைவுக்கு வளைவு உள்ளே கண்ணாடிகள் கலகலக்கும். வீட்டில் அம்மா ஒன்றும் கேட்காமல் சோற்றைப் போடுவாள். பூ விற்ற காசில் வந்த சோறு.

முள்

மறுபடியும் அந்தப் புளியமரத்துக்கு வருகிறேன்.

அண்ணன் மூன்றாவது தடவையும் தப்பாகக் குத்தினார். குப்பு அக்காவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் எழுந்தேன். மேஜையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போனேன்.

"அண்ணா, இத மாட்டிப் பாருங்க."

"எனக்கு எதுக்கும்மா? நான் இன்னா வாத்தியாரா?"

"மாட்டித்தான் தொலையேன்யா!" என்றார் குப்பு அக்கா. "என் காலு இன்னா ஆவுறது?"

வேண்டாவெறுப்பாக மாட்டினார். உதட்டைப் பிதுக்கினார். பெட்டியிலிருந்து பவர் கூடிய இன்னொன்றை எடுத்து வந்து மாற்றினேன். அண்ணன் குனிந்தார்.

அப்படியே இருந்தார். தலையைப் பின்னுக்கு இழுக்கவில்லை. பிறகு முள்வாங்கியை வைத்து, மெல்ல ஓர் இழுப்பு. முள் வந்துவிட்டது. அதை உள்ளங்கையில் வைத்து அக்காவிடம் காட்டினார். "இத்தனூண்டுதான்."

அக்கா காலை எடுக்கப் போனார். அண்ணன் விடவில்லை. "இரு, இன்னொண்ணு கீது" என்று குதிகாலிலிருந்து ஒரு பழைய முள்ளின் கறுப்பு முனையையும் எடுத்தார். அதற்குப் பிறகும் விடவில்லை. பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெடிப்புகளை விரலால் தடவினார்.

"இன்னா குப்பு, இப்பிடி வெடிச்சிக் கீது?"

"எப்பவும் அப்பிடித்தான் கீது. இன்னிக்குத்தான் பாக்கறியா?"

அண்ணன் இடுப்பிலிருந்த துண்டை எடுத்து அந்தப் பாதத்தைத் துடைத்தார். அக்கா வெட்கத்தோடு என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மரத்தடியில் புளி பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். முள் ஏறாத கால் அந்த மலையில் ஏது? ஒருத்தி தன் காலைத் தூக்கிக் காட்டி, "அண்ணே, எனக்கும் எடு" என்றாள். அவள் புருஷன், "கண்ணாடியக் குடு, நானே எடுக்கறேன்" என்றான். மல்லிகா ஒரு முறத்தில் சாமையைக் கொண்டுவந்து வைத்து, "கல்லு தெரியுதா பாருங்க" என்று ஆரம்பித்தாள். ஊசியும் நூலும் வந்தன. மாத்திரை அட்டை வந்தது. சாப்பிட மறந்து பவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

குப்பு அக்காவிடம், "உங்களுக்குப் பாக்கலாமாக்கா?" என்றேன்.

"எனக்கு எதுக்கு? முள்ளு எடுக்கறவன் கண்ணு தெரிஞ்சா போதும்" என்றார்.

அன்றைக்கே மல்லிகா பதாகையை அவிழ்த்துச் சுருட்டிவிட்டாள். அதற்குப் பதில் மேஜை முன்னால் ஒரு முள்வாங்கியை நூலில் கட்டித் தொங்கவிட்டாள். நெல்லிவாசல்நாடு முழுக்க எங்கள் கடைக்கு முள்ளுக் கண்ணாடிக் கடை என்றே பேர் வந்துவிட்டது.

நல்ல புளி

கூட்டம் வந்தது. காசு வரவில்லை. மாசியில் மலையில் காசு ஏது? மரத்தில் புளிதான் இருக்கிறது. வெள்ளையன் அண்ணன் தன் கண்ணாடிக்கு ஒரு கூடைப் புளி கொண்டுவந்து கொடுத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே கொடுத்தார்கள். மல்லிகா வீட்டின் முன்னறை மூட்டைகளால் நிறைந்தது. உள்ளே நுழைந்தாலே பல் கூசும்.

பங்குனி பிறந்ததும் தலைவரும் அதிகாரியும் பார்க்க வந்தார்கள். அதிகாரி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏம்மா, இது கண்ணாடிக் கடையா, மளிகைக் கடையா?"

சொன்னோம். முழுக்கக் கேட்டார். முகத்தில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. "வித்த பணம்னு நான் காட்டணும்மா. புளிய எந்தக் கட்டத்துல எழுதறது? எனக்கு மேல இருக்கறவங்க கேப்பாங்களே."

மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தலைவர் ஒரு மூட்டையைப் பிரித்து, ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "நல்ல புளி" என்றார். "சார், இத வித்தா காசுதானே?"

"வித்து, ரசீதோட வந்தா காசுதான்மா. நான் சந்தோஷமா எழுதறேன். ஆனா இந்த வாரத்துக்குள்ள கணக்க முடிக்கணும்."

எனக்குப் புளி விற்கத் தெரியாது. மல்லிகாவுக்கும் தெரியாது. மலைக்கு வந்து வாங்கும் வியாபாரிகள், அவசரம் என்று தெரிந்ததும் பாதி விலைக்குக் கேட்டார்கள். அம்மாவுக்குப் போன் செய்தேன். அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"இன்னாத்துக்கு அழுவுற? எல்லாத்தையும் ஜீப்ல ஏத்திக் கலசப்பாக்கம் சந்தைக்கு எடுத்துனு வா. நான் அங்க வந்துடறேன்" என்றாள்.

நாங்கள் மூட்டைகளோடு இறங்கியபோது அம்மா எங்களுக்கு முன்பே வந்து இடம் பிடித்து, சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். மூக்கில் கண்ணாடி. கோயில் வாசலில் பழகிய அந்தக் குரலை அங்கே எடுத்தாள். "மலைப்புளி! கொட்ட கிடையாது, நாரு கிடையாது! மருந்து போடாத மரத்துப் புளி!" சொல்லிக்கொண்டே ஒவ்வொரு சுளையிலும் மிச்சமிருந்த நாரைக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியாத நார்கூட அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

மொத்த வியாபாரி ஒருவர் வந்து எல்லாவற்றையும் ஒரே விலைக்குக் கேட்டார். அம்மா தலை நிமிராமல், "அந்த விலைக்கு உன் கடைல இருக்கறதக் குடு, நான் வாங்கிக்கறேன்" என்றாள். அவர் போனார். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தார். அம்மா சொன்ன விலைக்கே மூட்டைகள் போயின. ரசீதை அம்மா கையில் வாங்கி, நிதானமாகப் பார்த்துவிட்டு, மடித்து என்னிடம் கொடுத்தாள்.

பஸ் ஏறும்போது, "உனக்கு வேற இன்னாடி வேணும்?" என்றாள். அவள் தோளில் சாய்ந்துகொண்டேன். வேர்வையும் புளியும் லேசாக மல்லிகையும் மணத்தன.

மறுநாள் ஒன்றிய அலுவலகத்தில் அதிகாரி அந்த ரசீதைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார். மல்லிகா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"காசு வாங்கிக்கறதா இருந்தா குடுங்க" என்றார். "சும்மா வாங்கினா, மேல இருக்கறவங்க உங்களப் பத்தி எழுதாம என்னைப் பத்தி எழுதிடுவாங்க."

வாங்கிக்கொண்டோம்.

கார்த்திகையில் ஒரு முறம்

மீதி நிதி வர ஆடி ஆனது. எங்களுக்குத் தகுதி உண்டு என்று முடிவானதே பெரிய காரியம். பணம் மெதுவாக வரட்டும் என்று மல்லிகா சொல்லிக்கொண்டிருந்தாள். சொன்னாளே தவிர, தினமும் பேங்குக்குப் போன் செய்ததும் அவள்தான். வந்ததும் வாரத்தில் சில நாட்களுக்கு ஒரு ஜீப்பை வாடகைக்குப் பேசினோம். அதுவரை எட்டாத குக்கிராமங்களுக்கும் போக முடிந்தது.

அப்படி ஒரு கார்த்திகை மாதத்தில், ஜீப்பும் பாதியில் நின்றுவிட்டு மிச்சத்துக்கு நடக்க வேண்டிய ஓர் ஊருக்குப் போனோம். புதுச் சாமை வந்திருந்த நேரம். வாசல்களில் வைக்கோல் ஈரமாக மணத்தது. பனி விலகுவதற்குள் பத்துப் பதினைந்து பேர் வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

வரிசையில் அலமேலு என்று ஒரு பெண். நாற்பதைத் தாண்டியிருப்பார். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. கல்யாணமாகி எத்தனையோ வருடம் இல்லாமலிருந்து, இனி இல்லை என்று எல்லோரும் விட்டுவிட்ட பிறகு பிறந்த பிள்ளையாம். வரிசையில் இருந்தவர்கள்தான் சொன்னார்கள். அவருக்கு அதைப் பற்றிப் பேசவே கூச்சம்.

"சாமைல கல்லு தெரிய மாட்டேங்குதுக்கா. சோத்துல கல்லு கடிக்குதுன்னு வூட்டுக்காரரு சொல்றாரு" என்றார்.

முறத்தை அவர் முன்னால் வைத்தோம். பிள்ளையை மடியில் படுக்கவைத்துக்கொண்டு முறத்தின்மேல் குனிந்தார். முதல் கண்ணாடி சரியாக வரவில்லை. இரண்டாவதை மாட்டினேன். "இப்ப கல்லு தெரியுதா பாருங்க."

அந்த நேரம் பார்த்துப் பிள்ளை சிணுங்கியது. அவர் பார்வை முறத்திலிருந்து மடிக்கு இறங்கியது.

அங்கேயே நின்றுவிட்டது.

பிள்ளை சிணுங்குவதை நிறுத்தி, அம்மா முகத்தில் புதிதாக ஏறியிருந்த அந்தப் பொருளை ஆச்சரியமாகப் பார்த்தது. அவர் அதன் முகத்துக்கு அருகே குனிந்தார். இன்னும் குனிந்தார். விரல் நுனியால் அதன் கன்னத்தில் கண்ணுக்குத் தெரியாத எதையோ தொட்டார். கண்ணுக்குத் தெரியாதது எனக்குத்தான்.

"யக்கா" என்றார், நிமிராமலே. "இவனுக்கு இமை முடி இத்தினி நீளமா கீதே."

நான் சாமையைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். மல்லிகா என் முழங்கையைத் தொட்டாள். முறத்தை மெதுவாக ஓரமாக நகர்த்தி வைத்தாள். அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை. வரிசையில் இருந்தவர்களும் அவசரப்படவில்லை.